காகிதத்தில் சிக்காத வலி

"நார்மல்" என்றார் இ.சி.ஜி. எடுக்கும் டெக்னீஷியன், ஆறாவது முறையாக.

சட்டையைக் கழற்றிவிட்டு மேசைமேல் படுத்திருந்த கண்டக்டருக்கு அழாத குறை. அரை மணி நேரம் முன்பு வீட்டில் நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். இடது தோள் வரை இழுத்தது, வேர்த்துக் கொட்டியது. வாடகை வண்டியில் ஆஸ்பத்திரி கேட் வரை வலி அவர் கூடவே வந்தது. கேட் வந்ததும், டிக்கெட் எடுக்காத ஆசாமி மாதிரி சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது.

"நிஜமாவே வலிச்சுதுங்க."

"வலிச்சிருக்கலாம். இப்ப நார்மல்."

இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர் கையில் டெக்னீஷியன் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டில் இதே மாதிரி ஏற்கெனவே ஐந்து இருந்தன.

வெளியே மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"நான்தான் வீட்லயே சொன்னேனே, கேஸ் டிரபிள்தான்னு. நாள் பூரா பஸ்ல நிக்கிறப்ப வராத வலி, விடியக்காலம் அஞ்சு மணிக்கு மெத்தையில படுத்திருக்கும்போது வருதாம். அதுவும் கரெக்டா நான் தண்ணி மோட்டார் போடச் சொல்ற நேரத்துக்கு."

கண்டக்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நேரத்தைப் பற்றி அவள் சொன்னது அத்தனையும் உண்மை. மற்றவர்களின் நெஞ்சுவலிக்கு ஒரு மரியாதை உண்டு. மாடி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போகும். இவருடையது எல்லாமே தலைகீழ். எண்பது பேர் தொங்கும் பஸ்ஸில் முன்படிக்கும் பின்படிக்கும் நீந்துவார், சில்லறைக்காகத் தொண்டை கிழியக் கத்துவார், ஒன்றும் செய்யாது. ஓடவிட்டுப் பார்க்கும் மெஷினில் ஏற்றினார்கள். போதும் இறங்குங்கள் என்று அவர்களே கெஞ்சும்வரை ஓடினார். ஆனால் விடியற்காலையில் அக்கடா என்று படுத்திருந்தால் மட்டும் வலி வந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிஷம் உயிரை எடுக்கும். பிறகு வந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

டெப்போ டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். கண்டக்டருக்குச் சாவதைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை. செத்த பிறகும் 'வாயு' என்று எழுதி மூடிவிடுவார்களே என்றுதான் பயம்.

அவரை நம்பிய ஒரே ஜீவன், இருதய வார்டின் இளம் பெண் டாக்டர்தான்.

"உங்களுக்கு அடைப்பு இருக்கிற மாதிரி தெரியலை. இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய் திடீர்னு தானா இறுக்கிப் பிடிச்சுக்குது, கொஞ்ச நேரத்துல விட்டுடுது. அபூர்வமா சிலருக்கு வரும். சும்மா இருக்கும்போதுதான் வரும், அதுவும் விடியக்காலையில."

"அப்பாடா. மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டர்."

"சந்தேகத்தை வெச்சு எழுத முடியாதே. மத்த நெஞ்சுவலிக்குக் குடுக்கிற சில மாத்திரை இதை இன்னும் மோசமாக்கிடும். வலி இருக்கிறப்பவே ஒரு இ.சி.ஜி. எடுத்துட்டு வாங்க. பேப்பர்ல அது சிக்கிட்டா, மறு நிமிஷம் எழுதித் தர்றேன்."

தாங்க முடியாமல் போனால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்னக் குப்பி மாத்திரையும் கொடுத்தார். அதை வைத்தால் இரண்டே நிமிஷத்தில் வலி ஓடிவிடும். வலியோடு சாட்சியும் ஓடிவிடும். ஆகவே குப்பியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பதென்று கண்டக்டர் முடிவு செய்தார்.

முதல் யோசனை மச்சினனுடையது.

"வேகம்தான் மாமா விஷயம். நான் கார்ல ஏழே நிமிஷத்துல கொண்டுபோய் விடறேன்."

ஒரு வாரம் அவன் ஹாலில் ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கினான். நான்காம் நாள் வலி வந்தது. அவன் ஓட்டிய ஓட்டத்தில் இரண்டு சிக்னல், ஒரு நடைபாதை, எதிரே வந்த ஒரு லாரி எல்லாம் கண்டக்டரின் கண்முன்னால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின.

"இந்தத் தடவை நார்மல் இல்லை" என்றார் டெக்னீஷியன், பேப்பரை உற்றுப் பார்த்து.

கண்டக்டர் துள்ளி எழுந்து உட்கார்ந்தார். "சிக்கிடுச்சா?"

"வலியெல்லாம் இல்லை. படபடப்புதான் எகிறுது. யாரோ உங்களை நல்லா பயமுறுத்தியிருக்காங்க."

அடுத்தது பெட்டி. உடம்பில் ஒயரை ஒட்டி, இடுப்பில் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுவார்கள். அது ஒரு நாள் முழுக்க இருதயத்தைப் பதிவு செய்யும். ஆஸ்பத்திரியில் இரண்டு பெட்டி இருந்தன, ஒன்று ரிப்பேர். முறை வர முப்பத்தெட்டு நாள் ஆயிற்று.

அந்த ஒரு நாள், உலகமே அவருக்கு எதிராகக் கூடிப் பேசிக்கொண்டு நல்லபடியாக நடந்துகொண்டது. மச்சினன் வாயே திறக்கவில்லை. மனைவி தண்ணி மோட்டாரைத் தானே போட்டாள். பஸ்ஸில், சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஒயர்களைப் பார்த்த ஜனங்கள் சரியான சில்லறையை எடுத்து நீட்டினார்கள். சொல்லாமலே உள்ளே தள்ளி நின்றார்கள். ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான். கண்டக்டரின் சர்வீஸில் அப்படி ஒரு நாள் வந்ததே இல்லை. விடியற்காலையில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, வந்து தொலையேன் என்று மன்றாடினார். வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் வந்தது, இரண்டு தடவை.

"கேஸ்னா அப்படித்தான் முன்னே பின்னே வரும்" என்றாள் மனைவி.

இனி மிச்சமிருந்தது ஒரே வழி. வலியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதற்குப் பதிலாக, ஆஸ்பத்திரியிலேயே போய் உட்கார்ந்துகொண்டு வலிக்காகக் காத்திருப்பது. டூட்டி மத்தியானம்தான். அதனால் தினமும் விடியற்காலை நாலரை மணிக்கு இ.சி.ஜி. அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய்ப் படுப்பதென்று தீர்மானித்தார்.

அறை வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு டோக்கன்காரர் உட்கார்ந்திருப்பார். கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும், தலை நிமிராது. யார் எதைக் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான்.

"டோக்கன் இருந்தாத்தான் உள்ள."

"சார், எனக்கு வலி வந்தா உடனே எடுக்கணும். டாக்டரே சொல்லியிருக்காங்க."

"வரட்டும். வந்ததும் டோக்கன் வாங்கிக்குங்க."

முதல் நாள் பெஞ்சில் படுத்துக் கண்ணை மூடினார். ஐந்து மணிக்குக் கூட்டம் வந்தது. யார் முதலில் வந்தது என்று இரண்டு பெண்கள் ஆரம்பித்தார்கள். வீல்சேரில் ஒரு பெரியவர் குறுக்கே மாட்டிக்கொண்டார். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். கண்டக்டர் பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். அதற்கு மேல் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவரைத் தூக்கி நிறுத்திவிட்டது.

"வழியில நிக்காதீங்க. அப்படியே உள்ள தள்ளிப் போங்க. ஏம்மா, உங்களைத்தான், பையைக் கீழ வைங்க. பெரியவரை முன்னாடி விடுங்க."

இரண்டே நிமிஷத்தில் வரிசை நூல் பிடித்த மாதிரி நின்றது. டோக்கன்காரர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

வலி வரவில்லை. எப்படி வரும்? அதற்கு அவர் சும்மா படுத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் டோக்கன்காரர் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன் சார். அஞ்சு நிமிஷம் பாத்துக்குங்க." டீ முக்கால் மணி நேரம் நடந்தது. அந்த முக்கால் மணியில் கண்டக்டர் நாற்பது டோக்கன் கிழித்தார். இடையில் நுழைந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பின்னால் அனுப்பினார்.

இரண்டாம் வாரம் நர்ஸ் வந்து, நாலே முக்காலுக்கு வந்ததற்காக அவரைத் திட்டினாள். மூன்றாம் வாரம் யாரோ அவர் கழுத்தில் ஒரு அடையாள அட்டையை மாட்டிவிட்டார்கள். அவரைப் பற்றி ஒரு புகார்கூட வந்தது, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்கிறாராம். ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களைக் குறுக்கு வழியில் உள்ளே அனுப்புவதைப் பார்த்துக் கொதித்துப்போய், தன் கையாலேயே ஒரு அட்டையில் எழுதி அறைக் கதவில் ஒட்டினார்: 'டோக்கன் இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. ஊழியர்களும்தான்.'

அந்த மூன்று வாரமும் வலி அவர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"அப்ப சரியாயிடுச்சுன்னு அர்த்தம். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, ஒழுங்கா வீட்ல படுங்க" என்றாள் மனைவி.

படுத்தார். ஐந்து மணிக்கு வந்தது.

இந்த முறை மனைவி விளக்கைப் போட்டுப் பார்த்தாள். இத்தனை மாதமாக அவள் வீட்டு இருட்டிலும் வண்டி இருட்டிலும் அவருடைய முனகலைத்தான் கேட்டிருந்தாள், முகத்தைப் பார்த்ததில்லை. அது சாம்பல் பூத்துக் கிடந்தது. உதடு நடுங்கியது. மோட்டாருக்குப் பயந்து எந்த மனுஷனுக்கும் முகம் இப்படிப் போகாது.

"என்னங்க, அந்த மாத்திரையை வைங்க."

"வேண்டாம். வண்டியைக் கூப்பிடு. சிக்கணும்."

மூன்று வாரப் பழக்கத்தில் சட்டையோடு அடையாள அட்டையையும் மாட்டிக்கொண்டுதான் கிளம்பினார். வழியில் அவர் கையை அவள் விடவே இல்லை. கேட் வந்தது. வலி இறங்கவில்லை. படி ஏறினார்கள், வராந்தாவில் நடந்தார்கள், அப்போதும் இறங்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, நெஞ்சில் வலி உயிரோடு இருக்கும்போதே கண்டக்டர் அந்தக் கதவின் பிடியில் கை வைத்தார்.

"ஹலோ, எங்க போறீங்க?"

வரிசையில் முதலில் நின்றவர் கேட்டார். கண்டக்டரே பழக்கி வைத்த வரிசை அது.

"எனக்கு... வலி..."

"இங்க எல்லாருக்கும்தான் வலி. ஸ்டாஃப்னா நேரா உள்ள போயிடலாமா? எழுதி ஒட்டியிருக்கு, படிக்கத் தெரியாதா?"

"அன்னிக்கு என்னை என்னமா கத்தினீங்க" என்றாள் பின்னாலிருந்த ஒரு பெண். "இப்ப நீங்க லைன்ல வாங்க."

மனைவி முன்னால் பாய்ந்தாள். "இவர் ஸ்டாஃப் இல்லைங்க, இவருக்குத்தான் உடம்பு சரியில்லை. பொய் சொல்லலைங்க. மூஞ்சியைப் பாருங்க, நிஜமாவே வலிக்குது."

எத்தனை மாதமாக அவள் வாயிலிருந்து வராதா என்று ஏங்கிய வார்த்தை. அந்த வலியிலும் கண்டக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"டோக்கன் வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்றார் வரிசைக்காரர், கொஞ்சம் இறங்கி வந்து.

டோக்கன்காரர் கையிலிருந்த புத்தகம் அப்போதுதான் தீர்ந்திருந்தது, புதுப் புத்தகத்தைத் தேடினார். அதை முந்தின நாள் பத்திரமாக இழுப்பறையில் வைத்துப் பூட்டியது கண்டக்டர்தான். சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது, மாத்திரைக் குப்பிக்கு அடியில். குப்பியை எடுத்து, சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, டோக்கனைக் கிழித்து, இரண்டு பேர் இரக்கப்பட்டு வழிவிட, உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றிப் படுத்தபோது நெஞ்சு லேசாகியிருந்தது.

"நார்மல்" என்றார் டெக்னீஷியன்.

"மெஷினை ஒழுங்கா பாருங்க சார்" என்று அவரிடம் சண்டைக்குப் போனாள் மனைவி.

கண்டக்டர் வெளியே வந்தார். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி டோக்கன்காரரின் மேசைமேல் வீசினார். மூன்று வார எரிச்சலும் ஒன்றாகச் சேர்ந்து வெடித்தது.

"போதும் சார். இதோட நான் இந்த வேலையைப் பாக்க மாட்டேன். நீங்க பாட்டுக்கு டீ குடிக்கப் போறீங்க, நான் நின்னு கத்திக்கிட்டு இருக்கேன். நின்னா எனக்கு வலி வராது, அது புரியுதா உங்களுக்கு? நான் இங்க டோக்கன் குடுக்க வரலை. விடியக்காலையில வர்ற வலியைப் பேப்பர்ல பிடிச்சுக் குடுன்னு டாக்டர் சொன்னாங்க, அதுக்கு வந்தவன் நான்."

டோக்கன்காரர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நானும் அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றார். "இந்த மாசத்தோட ஒம்பது வருஷம் ஆகுது."