நின்றபடியே நகர்ந்த ஜீப்

நிறுத்தப்பட்ட அரசு வாகனம் நிற்கும் என்பது பொதுமக்களின் நியாயமான எதிர்பார்ப்பு. குழித்துறையில் சரிவுநிலப் பராமரிப்பு அலுவலகத்துக்கு எதிரே சாயாக்கடை வைத்திருந்த நாகம்மையும் புது ஜீப் வரும்வரை அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

சாதாரண ஜீப்பா அது? பாறையில் ஏறும், ஓடையில் இறங்கும், கியர் தானாக மாறும். ஆப்பீசர்மார் நடுவில் இப்போது இதுதான் மோஸ்தர். அதிகாரி வைகுண்டராஜன் டிரைவரை வேறு வேலைக்கு விரட்டிவிட்டு, பத்துப் பாக்கெட் வைத்த கால்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தானே ஓட்டினார். வீட்டிலிருந்து அலுவலகம்வரை தார்ரோடு. வழியில் அந்த ஜீப் ஏறி இறங்கிய ஒரே மலை, பள்ளிக்கூடத்து வேகத்தடை.

காலையில் நாகம்மையின் கடையைப் பார்த்து நிறுத்தி, உள்ளே இருந்தபடியே சாயா குடிப்பார். எஞ்சினை அணைக்க மாட்டார், ஏசி போய்விடும். கியரையும் நியூட்ரலுக்கு மாற்ற மாட்டார், கடமைக்குத் தயாராக இருப்பதன் அடையாளம் அது. பிரேக் மிதியோ பஞ்சு மாதிரி. அடிவரை மிதித்தால்தான் பிடிக்கும். வைகுண்டராஜன் பெருவிரலால் ஒரு தொடு தொடுவார். வண்டி தவழ்கிற பிள்ளை மாதிரி முன்னால் ஊரும்.

முதல் நாளே கடை முன்னால் தொங்கிய மட்டி வாழைப்பழக் குலை நசுங்கியது.

"சாரே, வண்டி வருது! பிரேக்கை அமத்திச் சவிட்டுங்கோ!"

"நான் அதிகாரியாக்கும் நாகம்மை. எனக்குக் கீழே உள்ள யாரிடமாவது அழுத்திச் சொல்லியிருக்கிறேனா? ஒரு தொடு போதும்."

"அவங்க நகரச் சொன்னாலும் நகர மாட்டாங்க, இது நிக்கச் சொன்னாலும் நகருதே சாரே!"

விஷயம் விசாரணைக்குப் போனது. அலுவலகக் கிளார்க் ததேயுஸ் டேப்போடு வந்து அளந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: "தகுதிவாய்ந்த அலுவலரின் பாதம் பிரேக்கின்மேல் உள்ளபோது வாகனம் நின்றதாகவே கருதப்படும். ஆயினும் இடைவெளி குறைந்துள்ளது. எனவே நகர்ந்தது எதிரில் உள்ள கட்டுமானமே."

"எனக்க கடை நடந்து வந்துதோ? அதுக்குக் காலிருக்கா ததேயுஸே?"

"பெஞ்சுக்கு நாலு இருக்கே!"

அரசு வாகனத்தை நோக்கி முன்னேறியதற்காக நோட்டீஸ் வந்தது. நாகம்மை கடையைப் பின்னால் இழுத்துப் போட்டாள். வண்டி மறுபடி ஊர்ந்தது. மறுபடி நோட்டீஸ். கடைசியில் கடைக்குப் பின்னால் குழித்துறைத் தாமிரபரணி ஆறு மட்டும்தான் மிச்சம். பெஞ்சின் பின்கால் இரண்டும் ஆற்றுச் சரிவில் தொங்க, சாயா குடிக்க வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். இன்னும் ஒரு தடவை அவர் சாயாவை ஆற்றிக் குடித்தால், கடை ஆற்றோடு போகும்.

அன்றைக்கு நாகம்மை சிரித்த முகத்தோடு கண்ணாடியைத் தட்டினாள்.

"சாரே, புது ஜீப்பும் ஆப்பீசு போர்டும் சேர்ந்து போட்டோவுல விழுந்தா என்ன ஐசுவரியமா இருக்கும்! அங்கோட்டுத் திருப்பிப் போடப்பிடாதா?"

வைகுண்டராஜனுக்கு முகம் மலர்ந்தது. திருப்பினார். நிறுத்தினார். பெருவிரலால் தொட்டார். போனை உயர்த்திச் சிரிக்கும்போது வண்டி போய் வராந்தாத் தூணில் முட்டியது. போர்டு கழன்று பானெட்டில் விழுந்தது.

ததேயுஸ் டேப்போடு ஓடிவந்தார். அளந்தார். வியர்த்தார்.

"சார்... பாதம்?"

"பிரேக்கிலேதான் ஓய்!"

"அப்போ நகர்ந்தது ஆப்பீசாக்கும்."

சட்டம் எல்லோருக்கும் ஒன்று. ததேயுஸ் அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, அலுவலகத்தின் சார்பில் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். முன் அனுமதியின்றி நகரும் கட்டடத்தில் அரசுப்பணி நடத்துவது ஆபத்து என்று மேலிடம் பூட்டச் சொன்னது. வேறு இடம் ஒதுக்கும்வரை, நிற்கும் தன்மை எழுத்துமூலம் நிரூபணமான ஒரே அரசு உடைமை என்பதால், ஜீப்பே அலுவலகம் என்று ஆணை வந்தது. நிறுத்த விசாலமான இடம் வேண்டுமென்று அந்த ஜீப் அருமனையில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பக்கத்து மைதானத்துக்குப் போய்விட்டது.

நாகம்மையின் கடை முன்னால் ஊரே வெடி போட்டது.

மறுநாள் ஒரு சாயாகூட விற்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு கையெழுத்துக்கு மாசக்கணக்கில் காத்துக் கிடந்த சனம்தானே இவ்வளவு காலமும் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது? ஆப்பீசு போனதும் காத்திருப்பும் கூடவே போய்விட்டது. பால் திரிந்தது, பழம் கறுத்தது. பேசாமல் அடுப்பையும் பெஞ்சையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அருமனைக்குப் போனாள்.

அங்கே மனுக்காரர்கள் ஜீப்புக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். ஜீப் ஊர ஊர, வரிசை முழுவதும் மனுவை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் அடியெடுத்து வைத்தது. நல்ல இடமாகப் பார்த்து நாகம்மை அடுப்பை இறக்கினாள், சரியாக ஜீப்புக்கு நேர் எதிரே.

புதிதாக வந்த ஒரு பையன் திகைத்துப்போய்க் கேட்டான்: "மாமி, சாரு காலை அமத்தினா போதுமே! ஒருத்தரும் சொல்லமாட்டியளா?"

நாகம்மை பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினாள்.

"சும்மா கிட மக்கா! வண்டியை நன்னாக்கணும்னு அவரு ஒர்க்ஷாப்புக்குப் போயிட்டார்னா, ஆப்பீசு இன்னைக்கு லீவாக்கும். சாயா ஒண்ணு போடட்டா?"