சாம்பிள் இல்லாத வகுப்பு

நாரணாபுரம்,
12.4.2008

மதிப்பிற்குரிய அத்தான் வெள்ளைத்துரை அவர்களுக்கு, சங்கிலிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. என் வலது முழங்கால் நீங்கலாக நான், மாரித்தாய், மகள் வேல்விழி அனைவரும் சுகம். முழங்கால் கதை கீழே வருகிறது. அக்காவும் தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் இக்கடிதத்தை முழுக்கப் படிக்கவும்.

விருதுநகர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் வேல்விழிக்கு நாலாம் வகுப்பு சீட் பேசி வைத்திருக்கிறீர்களே, அதை எப்பாடுபட்டாவது உறுதி செய்துவிடவும். வரும் வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குப் பிள்ளையோடு வந்து நிற்பேன். இங்கே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இல்லை. பெஞ்சை எல்லாம் ஓரங்கட்டிப் பாய் விரித்துவிட்டார்கள். பானுப்பிரியா டீச்சரும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வாசலில் நின்று பார்த்தால் டீச்சர் யார், பிள்ளை யார் என்று தேட வேண்டியிருக்கிறது. பாடமெல்லாம் அட்டையில், கணக்குக்குப் புளியங்கொட்டை. அளவுகள் பாடம் நடந்த வாரம் என் மகள் நூலும் கையுமாகத் தெருவில் ஓர் ஆளை விடாமல் அளந்தாள். மாரித்தாய் என்னைவிட இரண்டு விரற்கடை உயரம் என்று ஊருக்கே அறிவித்துவிட்டாள். கல்யாண போட்டோவுக்குப் பலகை மேல் ஏறி நின்று நான் மறைத்த சங்கதி அத்தான் அது.

நேற்று பெற்றோரும் வந்து பிள்ளைகளோடு ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். காலண்டர் சீசன் இல்லாததால் பிரஸ்ஸில் லீவு கிடைத்தது. அன்றைய வேலையையும் ஆள் ஏற்ற வரும் பட்டாசுக் கம்பெனி வேனையும் விட்டுவிட்டுப் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். டீச்சர் பழைய பேப்பரையும் பசையையும் நடுவில் வைத்து, "உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க" என்றார். ஒருவர் கையும் அசையவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் மதினிதான் வாய் திறந்தார்.

"சாம்பிள் எங்கன இருக்கு டீச்சர்?"

"சாம்பிள் கிடையாதுங்க. மனசுல என்ன தோணுதோ அதான்."

"தோணுறதெல்லாம் செஞ்சா கம்பெனியில சும்மா விடுவாகளா?"

சொல்லிக்கொண்டே மதினி பேப்பரைக் குழாயாக உருட்ட ஆரம்பித்தார். பட்டாசுக்குக் குழாய் உருட்டிப் பழகிய கை. அடுத்தவர் பசை தடவினார், அதற்கடுத்தவர் ஓரம் நறுக்கினார், பைண்டிங் கை சும்மா இருக்குமா, நான் எண்ணி அடுக்கிக் கட்டினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு குரோஸ், நூற்று நாற்பத்து நாலு குழாய் அத்தான்! எங்கள் பிரஸ்ஸில் வண்டி ஏற்றும் பெத்தணன் எழுந்து, "லோடு ஏத்த வண்டி எப்ப வரும் டீச்சர்?" என்று கேட்டான். பிள்ளைகள் சுவரோரம் கைகட்டி நின்று எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போது வேல்விழி வந்து, "ஒங்களுக்கு என்னப்பா செய்யப் பிடிக்கும்?" என்றாள். இருபத்தைந்து வருடமாக யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நம் கைத்தொழில் பீரியட் ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் தக்களி சுற்றுவீர்கள், நூல் அறுந்துபோகும், மிச்சப் பஞ்சை என் சட்டைப் பையில் திணிப்பீர்கள். நான் கண்மாய்க் களிமண்ணில் வெம்பக்கோட்டை பஸ் செய்தேன். டிரைவர், கண்டக்டர், கூரை மேல் ஓர் ஆட்டுக்குட்டி உட்பட. சார் அதை ஜன்னலில் காயவைத்தார். ஐந்தாம் வகுப்போடு என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த பஸ் என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

பிறகு கட்டைப் பிரித்து, மகளும் நானுமாகத் தரையில் மண்டியிட்டு அந்தக் குழாய்களால் ஒரு பஸ் செய்தோம். மணி அடித்தது தெரியவில்லை. முழங்கால் போனது அதில்தான். ஆகவே, இந்தப் பள்ளியில் பிள்ளைகளின் படிப்பு மட்டுமல்ல, பெரியவர்களின் புத்தியும் கெடுகிறது என்பதை இதனால் அறியவும். சீட் பத்திரம்.

பத்திரகாளி அம்மன் அருளால் தங்கள் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பெரிய ஆளாக வர வேண்டும். அக்காவுக்கு என் நமஸ்காரம்.

தங்கள் மைத்துனன்,
சங்கிலிமுத்து

பி.கு.: அந்த சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லவும். வெள்ளிக்கிழமை இங்கே பட்டம் செய்கிறார்கள், பெற்றோரும் வரலாமாம். லீவு சொல்லிவிட்டேன். வேல்விழி அழுது அடம்பிடிக்கிறாள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். பொய் எதற்கு? அவள் "விருதுநகர்னாலும் சரிப்பா" என்று பையை எடுத்து வைத்துவிட்டாள். மாட்டேன் என்பது நான்தான்.