ஒரு வீட்டுக்கு ஒரே ஓட்டு

முப்பத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒன்பது வார்டு தேர்தல். ஒன்பதிலும் அவர் ஒரு பக்கம், மனைவி எதிர்ப்பக்கம். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, வீட்டு நிலவரம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தில் வந்து நின்றது. பத்தாவது தேர்தலில் இந்த வீட்டிலிருந்து ஒரே ஓட்டுதான் போக வேண்டும், அது தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று, மாவுக்கட்டுப் போட்ட காலை முக்காலி மேல் நீட்டியபடி சரிபார்ப்பு சார் சபதம் எடுத்தார்.

தபால் நிலையத்தில் முப்பத்துநாலு வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து ஓய்வு பெற்றவர். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். அதனால் தெருவே வைத்த பெயர் அது.

இந்த முறை தகராறு பஸ் ஸ்டாப்பைப் பற்றியது. அது அவர் வீட்டு வாசலில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அவருடைய காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, அவர் பல் தேய்ப்பதை வேடிக்கை பார்த்தார்கள். தேர்தலில் நின்ற கண்ணாடிக் கடைக்காரர் ஸ்டாப்பைத் தெருமுனைக்கு மாற்றுவதாகச் சொன்னார். எதிர்த்து நின்ற நர்ஸம்மா, இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்றார். மனைவிக்கு முழங்கால் இரண்டும் தேய்மானம். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அந்த பஸ்தான். வாசலிலிருந்து ஸ்டாப்புக்குப் பதினோரு தப்படி. தெருமுனைக்கு நானூற்றுப் பன்னிரண்டு. கால் உடைவதற்கு முன்பே நடந்து எண்ணி வைத்திருந்தார்.

அவருக்குக் கால், அவளுக்கு முழங்கால் என்று இருவருக்கும் தபால் ஓட்டு வந்திருந்தது.

“இந்தத் தபால் ஓட்டையெல்லாம் எண்ண மாட்டாங்க, தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

“எண்ணாம என்ன பண்ணுவாங்க?”

“மூட்டையா கட்டி மூலையில போட்டுடுவாங்க. முப்பத்துநாலு வருஷம் தபால்ல இருந்தவன் சொல்றேன்.”

“அப்ப முப்பத்துநாலு வருஷமா நீங்க மூட்டையை மூலையிலதான் போட்டீங்களா?”

காபி புரை ஏறியது. “நாங்க ஒழுங்காக் கொண்டு சேர்ப்போம்! ஓட்டு எண்ணறவங்களைத்தான் சொல்றேன்.”

“ஐயோ பாவம். அப்ப நான் எதுக்கு மெனக்கெடணும்? நான் அனுப்பல. நீங்க?”

“நானா? சேச்சே! அனுப்பறவன் பைத்தியக்காரன்.”

அவள் கவரைக் கொண்டுபோய் ரேடியோவுக்கு அடியில் சொருகினாள். அவர் தினமும் காலையும் மாலையும் ஒற்றைக் காலில் நொண்டிப் போய்ப் பார்த்தார். ஒரு கவர். சரியாக இருந்தது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளாகப் பார்த்து, தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்காரருக்கு ஓட்டுப் போட்டார். கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம் இருந்தது. அதில் கையெழுத்து கேட்டிருந்தார்கள். ‘ரகசிய ஓட்டு என்கிறான், கையெழுத்தும் கேட்கிறான். எந்த மடையன் போடுவான்?’ விளக்கத் தாளை அவர் பிரிக்கவே இல்லை. கவர் ஒட்டுவதைத் தனக்கா சொல்லித் தருவது? ஒட்டினார். மூன்று முறை இழுத்துப் பார்த்தார். தபால்காரரிடம் ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

எட்டாம் நாள் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் நொண்டி நொண்டி வாசலுக்கு வருவதற்குள் மனைவி பிரித்துவிட்டாள்.

“உங்க ஓட்டு வந்து சேர்ந்துடுச்சாம்.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆனா படிவத்துல கையெழுத்து இல்லையாம். இதோட இருக்கற தாள்ல கையெழுத்துப் போட்டு, இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொடுத்தா எண்ணுவாங்களாம். வீட்ல இருக்கறவங்க கொண்டுவந்தாலும் பரவாயில்லையாம்.” கண்ணாடியைக் கழற்றினாள். “பைத்தியக்காரரே, பேனா எடுத்துட்டு வரட்டுமா?”

கையெழுத்துப் போட்டார். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். ஜன்னலிலிருந்து எண்ணினார். ஒன்று. சுவரைப் பிடித்தாள். இரண்டு. மூச்சு வாங்கினாள். பதினோரு தப்படி நடந்து முடிக்க, அவர் நானூறு தப்படி நடக்கிற நேரம் ஆயிற்று. சுவரில் இருந்த ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். பஸ் வந்தது. இரண்டு பேர் கைகொடுத்து ஏற்றினார்கள்.

இந்த ஸ்டாப்பைத் தூக்குவதற்கான ஓட்டை, இதே ஸ்டாப்பில் ஏறி, அந்த முழங்காலோடு கொண்டு போகிறாள். முப்பத்துநாலு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு தபால் போய்ச் சேரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

ஐந்தேகாலுக்கு அவள் ரசீதோடு வந்தாள். முத்திரை குத்தியிருந்தது. நேரம்: நாலு நாற்பது.

“வழியில எங்கயாவது தவற விட்டிருக்கலாமே?” என்றார் மெதுவாக.

“எதுக்கு? உங்க ஓட்டு உங்க ஓட்டு. நல்லா உட்கார வச்சு, மேஜை மேஜையாக் காட்டினாங்க. ஒவ்வொரு கவரையும் ரெண்டு பேர் பார்க்கறாங்க. உங்களை மாதிரியே இழுத்து இழுத்துப் பார்க்கறாங்க.”

அவர் ரேடியோப் பக்கம் கை நீட்டினார். “அப்ப உன்னோடதையும் அனுப்பிடும்மா. இன்னும் நாள் இருக்கு. நர்ஸம்மாவுக்கே போடு. வழக்கம்போலப் பூஜ்யமா இருக்கட்டும்.”

“அதை நீங்க சொன்ன மறுநாளே அனுப்பிட்டேனே! அடியில இருக்கறது அவங்க அனுப்பின வெறும் கவர். மேல நம்ம வீட்டு விலாசம்தானே இருக்கு? தினம் ரெண்டு தடவை போய்ப் பார்த்தீங்களே, படிக்கலையா?”

“எண்ணினேன்.”

“நீங்க எண்ண மாட்டாங்கன்னதும் எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. உடனே ஆபீசுக்குப் போன் போட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையா எல்லாம் சொல்லிச்சு. தேர்தல் அன்னிக்கு வேலை இருக்கறவங்களும் தபால்ல போடலாமாம். நான் போய் நம்ம சுவர்ல உட்கார்றவங்க கிட்டச் சொன்னேன். மில்லுக்குப் போறவங்க, ஆஸ்பத்திரி வார்டுல வேலை செய்யறவங்க, மொத்தம் பதினாலு பேர். இத்தனை வருஷமா அவங்கள்ல ஒருத்தரும் ஓட்டே போட்டதில்லையாம்.”

“பதினாலா?”

“பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க. நம்ம வார்டுலயே கையெழுத்துப் போடாம அனுப்பினவர் ஒரே ஒருத்தர்தான்னு அந்த ஆபீஸ் பொண்ணு சிரிச்சுது. எனக்குத் தெரிஞ்சவர்தான்னு சொல்லிட்டு வந்தேன்.”