பத்மாதேவி அன்ரியின் பெயரும் என் குறுக்கு விசைகளும்

கெட்டிக்காரத்தனம் கொஞ்சம் கூடிவிட்டால் மனிதருக்கு மூளை வேலை செய்யாது. எனக்கு அது கூடியது, வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடைக்கு பில் போடும் மென்பொருள் செய்தபோது. (முதல் வேலை. கடை முதலாளி அதை வாங்கினால்தான் என்னை நிரந்தரமாக்குவதாகக் கம்பனியில் சொல்லியிருந்தார்கள்.)

கவுண்டரில் நிற்பவர் மவுசைத் தேடி அலையக்கூடாதென்று ஒற்றை எழுத்தில் குறுக்கு விசைகள் வைத்தேன். P தட்டினால் பில் அச்சாகும். D தட்டினால் கடைசி பில் அழியும். கன்ட்ரோலையும் சேர்த்து அமத்தச் சொல்லி யாரையும் கஷ்டப்படுத்துவானேன் என்ற பெருந்தன்மை வேறு! வீட்டில் அண்ணாவுக்குச் செய்து காட்டினேன். "சோக்கா இருக்கு" என்றான். பெயர் எழுதும் பெட்டியில் நான் ஒவ்வொரு முறையும் 123 என்றே அடித்ததை அவனும் கவனிக்கவில்லை.

கடையில் முதலாளி என் பக்கத்தில் வந்து இருந்தார். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்திருந்த ஓர் அன்ரியைக் காட்டி, "இவவின்ர ஓடரையே போடும் பிள்ளை, பாப்பம்" என்றார்.

"பேர் சொல்லுங்கோ அன்ரி."

"பி. பி. பத்மாதேவி."

P அடித்தேன். பிரின்டர் ஒரு பில் துப்பியது. அடுத்த P, அடுத்த பில். பத்மாவுக்கு (Pathma என்றுதான் அடித்தேன்) இன்னொன்று. பதற்றத்தில் கை நிற்காமல் ஓடியது. தேவியின் D வந்ததும், காலையில் மாதிரிக்குப் போட்டு வைத்த பில் மாயமாய்ப் போனது.

"ஐயோ கடவுளே, என்ர பேருக்கு என்ன பிள்ளை வந்தது?" என்றார் அன்ரி.

முதலாளி சிரிக்கவில்லை. "இது மாதிரி பில். நாளைக்கு ஒரு கலியாண ஓடர் இப்பிடிப் போனா, பொம்பிளைக்கு நான் என்ன பதில் சொல்றது? எனக்கு இது சரிவராது."

வேலை போச்சு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்ரிதான் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சின்னப்பிள்ளை, திருத்தட்டும். என்ர பேர் ஒழுங்கா விழுந்தாத்தான் நான் இஞ்சயிருந்து எழும்புவன்."

அங்கேயே மடிக்கணினியைத் திறந்தேன். பெட்டிக்குள் எழுதும்போது குறுக்கு விசைகள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும், அழிப்பதென்றால் கன்ட்ரோலும் வேண்டும், "நிச்சயமா?" என்றொரு கேள்வியும் வேண்டும். திருத்தி முடித்ததும் அன்ரி தன் விரலாலேயே பெயரை அடித்தார். முழுப் பெயரும் விழுந்தது. பிரின்டர் மூச்சு விடவில்லை. முதலாளி அப்போதுதான் சிரித்தார். வாங்கவும் செய்தார். என் வேலை நிரந்தரமான சந்தோஷத்தில் வீட்டில் முழுக்கதையையும் உளறிவிட்டேன்.

போன வருஷம் என் மகளுக்குத் தீபா என்று பெயர் வைத்தோம். எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்க, அண்ணா தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னான்: "கவனமடி! முதல் எழுத்திலயே பில்லை அழிச்சுப்போட்டு, நாலாவதில பிரின்ட் எடுப்பாள்."