ஆத்தாளுக்கு வாங்கிய அயிரை மீன்

என் வாழ்க்கையில் நான் ஏறி அவமானப்பட்ட ஒரே மேடை, போடியில் ஒரு டாக்டரம்மாவின் எடை மிஷின்தான்.

எழுபதுகளின் கடைசி. ராசிங்காபுரத்து வீட்டில் நானும் ஆத்தாவும் மட்டும். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் எனக்கு சூப்பர்வைசர் வேலை. விடியுமுன் ஜீப்பு ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவேன். ஆத்தாவுக்கு அறுபது வயது. கழுத்தில் கழலை, கையில் நடுக்கம். வாசலில் லேசாக இடறி விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"தைராய்டு கூடிப்போயி எலும்பைக் கரைக்குது. மாத்திரை மட்டும் பத்தாது. பாலு, கேப்பை, முட்டை, முள்ளோட திங்கிற பொடி மீனு எல்லாம் உள்ள போகணும். இன்னொரு தடவை விழுந்து இடுப்பெலும்பு போச்சுன்னா படுக்கைதான் தம்பி" என்றார் டாக்டரம்மா. ஆத்தாவின் எடையைச் சீட்டில் குறித்தார். நானும் ஏறி, என் எடையையும் அதிலேயே குறிக்க வைத்தேன். (ஓசி என்றால் விடுகிற ரகமில்லை நான்.)

அன்றிலிருந்து அரை லிட்டர் பால், தினம் ரெண்டு முட்டை, சந்தை நாளில் அயிரை மீன். வாங்கிய பெருமையை ஊர் முழுக்கச் சொல்லியும் ஆயிற்று.

"ஆத்தா, மீனு சாப்பிட்டியா?"

"தின்னுட்டேன் அப்பு. நீ வெரசா கெளம்பு, ஜீப்பு போயிரும்."

மலையில் தூக்குச்சட்டியைத் திறந்தால் அயிரைக் குழம்பு, ரெண்டு முட்டை. ஆத்தா தின்ற மிச்சமே இவ்வளவா என்று பூரித்துப்போய் வழித்துத் தின்பேன். (வாங்கியதே ரெண்டு முட்டைதான். அந்தக் கணக்கு எனக்கு உதைக்கவே இல்லை.)

ரெண்டு மாசம் கழித்துப் போனால் ஆத்தாவின் எடை இறங்கியிருந்தது. "என்னதான் குடுக்குறீங்க?" என்றார் டாக்டரம்மா. வந்ததே எனக்குக் கோபம்.

"எதுல கொறை வச்சேன்? எங்க ஊர்ல எவன் ஆத்தாளை இப்படிப் பாக்குறான்? உங்க மாத்திரைதான் சரியில்ல."

அவர் பழைய சீட்டை எடுத்தார். "நீங்க ஏறுங்க தம்பி." ஏறினேன். ஐந்து கிலோ கூடியிருந்தேன்.

"வைத்தியம் பலிச்சிருக்கு. ஆளுதான் மாறிப்போச்சு."

பெஞ்சில் இருந்த கூட்டம் சிரித்தது. அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆத்தாவின் முகத்தில் அத்தனை பெருமை. "அஞ்சு கிலோவா கூடியிருக்கான்?" என்று டாக்டரம்மாவிடமே கேட்டாள்.

பஸ்ஸ்டாண்டு வரை கத்திக்கொண்டே போனேன். "எதுக்கு ஆத்தா பொய் சொன்ன?"

"மலையில குளுரு அப்பு. ஒழைக்கிற ஒடம்பு. வீட்ல கெடக்குறவளுக்கு என்னத்துக்கு மீனு?"

எனக்கு இன்றும் ஆறவில்லை. விடியுமுன் எழுந்து பொங்கிக் கொடுத்தவள் வீட்டில் கிடக்கிறவளாம். ஊரில் எல்லா வீட்டிலும் ஆம்பளை தின்று மிஞ்சிய சட்டியைத்தான் பெண்கள் வழித்தார்கள். அது தெரிந்தும், சாப்பிட்டியா என்று வாயால் கேட்டதோடு ஏப்பம் விட்டேனே, நானெல்லாம் ஒரு பிள்ளை.

அதன் பிறகு ஆத்தா என் எதிரில் உட்கார்ந்து தின்று முடித்தால்தான் கிளம்புவேன். அதில் ரெண்டு தடவை ஜீப்பு போனது. ஆனால் இடுப்பெலும்பு கடைசிவரை முறியவில்லை.

இப்போது என் மனைவிக்கும் தைராய்டு. நான் கேள்வியே கேட்பதில்லை. நேரே அடுப்படிக்குப் போய், "சட்டியைக் காட்டு" என்பேன். பேரப்பிள்ளைகள் வைத்த பெயர் சட்டி இன்ஸ்பெக்டர். சிரிக்கட்டும். போன வாரம் மூடியைத் திறந்தால், மீன் மொத்தமும் எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்கிறாள்:

"நான் தின்னுட்டேன். நீங்க சாப்பிடுங்க."