சமையலறைக்குள் வந்த சட்டம்

இனிமேல் இந்த வீட்டில் என் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தபோது நான் குளியலறையில் இருந்தேன். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. சத்தத்துக்குக் குழாயையும் திறந்துவிட்டிருந்தேன். அதனால் தைரியமாகவே முடிவெடுத்தேன்.

நான் சாதாரண ஆள் இல்லை சார். உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர். கடைத்தெருவில் என் பெயர் "சீல் சார்". நான் தெருமுனையில் திரும்பினாலே ஓட்டல்களில் சமையல்காரர்கள் தொப்பியைத் தேடுவார்கள். முதலாளிகள் குப்பைத் தொட்டிக்கு மூடி தேடுவார்கள். ஈக்கள்கூடப் பக்கத்து வார்டுக்குக் குடிபோய்விடும் என்று சொல்வார்கள். வீட்டில் என்ன நிலைமை என்று கேட்காதீர்கள். என் நாற்காலியில் பூனை படுத்திருந்தால் நான் நின்றுகொண்டுதான் பேப்பர் படிக்கிறேன்.

பிரச்சினை உப்பில் ஆரம்பித்தது. எனக்கு ரத்த அழுத்தம். "உப்பைக் கொஞ்சம் குறைங்க" என்றார் டாக்டர். 'கொஞ்சம்' என்ற சொல் என் மனைவியின் காதில் விழவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் உப்பு என்பது வதந்தியாகிவிட்டது.

நானும் சும்மா இருக்கவில்லை. காலையில் அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போவாள். அந்த இடைவெளியில் அடுப்படிக்குள் நுழைவேன். இரண்டாவது தட்டு, பருப்பு டப்பாவுக்குப் பின்னால், உப்பு ஜாடி. ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். மற்ற அதிகாரிகள் பேனா வைக்கும் இடத்தில் நான் உப்பு வைத்திருந்தேன். வாழ்க்கை ருசியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அதில்தான் மண் விழுந்தது.

"என்னங்க, தெருமுனை அச்சகத்துல வேலை செய்யறவங்க மதியச் சாப்பாடு கேக்கறாங்க. நான் சமைச்சுக் குடுக்கலாம்னு இருக்கேன்" என்றாள் ஒரு நாள் காலையில்.

அச்சகத்துக்குச் சமைத்தால் காலை முழுக்க அவள் அடுப்படியிலேயே இருப்பாள். அப்புறம் நான் எப்போது உள்ளே போவது, எப்போது ஜாடியைத் திறப்பது? என் உப்புக்கே உலை. தடுத்தே ஆக வேண்டும். ஆனால் அவளிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் குளியலறைக்குப் போய் அந்த முடிவை எடுத்தேன். தலையைத் துவட்டியபடி வெளியே வந்து, தொண்டையைச் செருமினேன்.

"தாராளமா செய். ஆனா லைசென்ஸ் வேணுமே!"

"லைசென்ஸா? இத்தனை வருஷமா உங்களுக்குச் சமைச்சுப் போடறேன். லைசென்ஸ் வாங்கிட்டா போட்டேன்?"

"வீட்டுக்குச் சமைச்சா அது குடும்பம். வெளியில வித்தா அது உணவு நிறுவனம். சட்டம் உள்ளே வந்துடும்."

"வரட்டும். காலைத் துடைச்சுட்டு வரச் சொல்லுங்க."

"விளையாடாதே. ஆள் வந்து சோதனை பண்ணுவாங்க."

"யாரு, நீங்களா?"

"சொந்த வீட்டை நான் சோதிக்கக் கூடாது. அதுக்கும் விதி இருக்கு. பக்கத்து வார்டு அம்மா வருவாங்க. பூதக்கண்ணாடி!"

பூதக்கண்ணாடி என் சக ஆய்வாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. அவருக்குத் தெரியாமல்தான் வைத்தோம். கொதிக்கும் தண்ணீரிலேயே தூசி கண்டுபிடிக்கிற அம்மா.

மனைவியின் முகம் வாடிவிட்டது. "ஐயையோ, அவங்களா? நம்ம அடுப்படி தேறாதுங்களே!"

"சத்தியமா தேறாது" என்றேன். என் மனசுக்குள் மேளம் கொட்டியது.

"எங்கெங்கே குறைன்னு ஒரு தடவை நீங்களே சொல்லிடுங்களேன். கேட்டுட்டு ஆசையை விட்டுத் தொலைக்கிறேன்."

பாவம், எவ்வளவு அடக்கமாகக் கேட்கிறாள்! டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே நுழைந்தேன்.

இங்கே என் தொழில் வியாதி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குறையைச் சொன்னால் அதைச் சரிசெய்யும் வழியையும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. சொன்ன பிறகு அதைச் சரிசெய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. கடைத்தெருவில் எத்தனையோ ஓட்டல் கழுவுதொட்டிகளை நானே சட்டையை மடித்துக்கொண்டு சரிபார்த்திருக்கிறேன்.

"ஜன்னலைப் பாரு. வலை இல்லை. ஈ வரும், கொசு வரும், பூனை வரும்."

"சரிதாங்க. அதுக்கு வலை அடிக்க யாரால முடியும்? விட்டுடலாம்."

"யாரால முடியுமா? இதென்ன பிரமாதம்? சுத்தியலை எடு!"

வலை அடித்தேன். கட்டைவிரலிலும் ஓர் அடி அடித்தேன். ஊதிக்கொண்டே அடுத்த குறைக்குப் போனேன்.

"இந்த நறுக்குப் பலகை ஒரே விரிசல். கிருமி குடும்பம் நடத்தும். பச்சை மாமிசத்துக்கு ஒண்ணு, காய்க்கு ஒண்ணுன்னு தனித்தனியா வேணும்."

"அதெல்லாம் எங்கே கிடைக்கும்? போகட்டும் விடுங்க."

"எனக்குத் தெரியாத கடையா?" சாயங்காலமே வாங்கி வந்துவிட்டேன்.

இப்படியே போயிற்று. சுவருக்கு ஓடு. கழுவுதொட்டிக்குக் கீழே நாற்றம் மேலே வராமலிருக்க வளைகுழாய். புகை போக மின்விசிறி. ஞாயிற்றுக்கிழமை நான் ஏணி மேல் நின்று கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். பாதி சுண்ணாம்பு கூரையில், மீதி என் தலையில். அப்போது மனைவி கீழேயிருந்து கேட்டாள்:

"எனக்கு ஒண்ணு புரியலைங்க. நாலு பேருக்குச் சோறு போடறதுக்கு இவ்வளவு கெடுபிடியா? உங்க சட்டத்துக்கு வேற வேலையே இல்லையா?"

எனக்குச் சுருக்கென்றது. ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன்.

"கெடுபிடியா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தொழிற்சாலை கேன்டீன். தண்ணித் தொட்டிக்கு மூடி கிடையாது. அவ்வளவுதான் தப்பு. ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஆளுங்களைப் படுக்கவெச்சிருந்தாங்க. ஒரு பொண்ணு அவ அப்பா தலையை மடியில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்தா. 'சாப்பிட்டது ஒரு தப்பா சார்'ன்னு கேட்டா. அந்த மனுஷன் பொழைச்சுட்டார். எல்லாருமே பொழைச்சுட்டாங்க. ஆனா அந்தக் கேள்வி இன்னும் என் காதுலயே இருக்கு. சாப்பிடறவனால அடுப்படிக்குள்ள வந்து எட்டிப் பாக்க முடியாதும்மா. அவனுக்குப் பதிலா எட்டிப் பாக்கறதுதான் சட்டம்."

மனைவி முந்தானையால் என் நெற்றியிலிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டாள்.

"அப்போ கதவும் நல்லதாப் போட்டுடலாம்ங்க" என்றாள் மெதுவாக.

போட்டேன். தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கதவு. உள்பக்கம் தாழ்ப்பாள். சாப்பாடு கொடுக்க ஒரு சின்ன ஜன்னல். "உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஒரு பலகை எழுதிக் குடுங்களேன்" என்றாள். சிவப்பு பெயின்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'அனுமதி இல்லாதவர்கள் உள்ளே வரக் கூடாது.' எதிர்வீட்டுத் தையல்காரர் அடிக்கடி தீப்பெட்டி கேட்டு நேராக அடுப்படிக்கே வந்துவிடுவார். அவரை மனதில் வைத்துத்தான் அவ்வளவு பெரிதாக எழுதினேன்.

எழுதி மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்று பார்த்தபோதுதான் எனக்குச் சுயநினைவு வந்தது. அடப்பாவி! கெடுக்க வந்தவன், ஊரிலேயே முதல்தரமான சமையலறையைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

போகட்டும், பூதக்கண்ணாடி விடமாட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த அம்மா வந்தார். கதவிடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். அடுப்புக்கு அடியில் குனிந்து பார்த்தார். வளைகுழாயைத் தட்டிப் பார்த்தார். என் மனைவி தொப்பியும் ஏப்ரனும் போட்டுக்கொண்டு, மருத்துவச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, நர்ஸ் மாதிரி நின்றாள். நான் பதற்றத்தில் தலையைச் சொறிந்தேன். மீசையைத் தடவினேன். எப்போது உள்ளே போனேன், எப்போது கொதிக்கிற சூப்பில் கரண்டியை விட்டு ஊதி நக்கினேன் என்று எனக்கே தெரியாது. பழக்கதோஷம். உப்பில்லை.

"சமையலறை பிரமாதம்" என்றார் பூதக்கண்ணாடி. "ஒரே ஒரு சுகாதாரக் கேடுதான் இருக்கு."

"எங்கே மேடம்?" என்றேன் ஆசையாக.

"நீங்கதான் சார்."

"நானா!"

"தலையில தொப்பி இல்லை. தெருச் செருப்போட நிக்கறீங்க. நக்கின கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துல போட்டிருக்கீங்க. அந்தச் சூப்பை முதல்ல கீழே கொட்டுங்க. மருத்துவச் சான்றிதழ் இருக்கா?"

இல்லை. டாக்டரிடம் போனால் அழுத்தத்தை அளப்பார். அளந்தால் சட்டைப்பை ரகசியம் வெளியே வந்துவிடும். அதனால் டாக்டர் இருக்கும் தெருப்பக்கமே நான் போவதில்லை.

"இவரை என்ன பண்றது மேடம்?" என்றாள் மனைவி, ரொம்பக் கவலையாக.

"வெளியே நிறுத்துங்க. லைசென்ஸ் உண்டு."

கதவு தானாகவே சாத்திக்கொண்டது. நல்ல ஸ்பிரிங்.

மறுநாள் மதியம் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். "சார், வரிசை அங்கேயிருந்து" என்றார் தையல்காரர், பின்பக்கம் கையைக் காட்டி. என் வீட்டில், என் பணத்தில், நான் துளைபோட்டு மாட்டிய ஜன்னலுக்கு முன்னால் அச்சகத்துக்காரர்களுக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்தது.

"ஏம்மா, மத்தவங்க எல்லாரும் ருசிச்சுச் சாப்பிடறாங்க. எனக்கு மட்டும் சப்புன்னு இருக்கே!"

"அவங்க பாத்திரத்துல உப்பு போட்டிருக்கேன். உங்களுது தனிப் பாத்திரம்."

"உள்ளே வந்து ஒரே ஒரு சிட்டிகை..."

"பலகையைப் படிங்க. கையெழுத்து புரியலைன்னா சொல்லுங்க, நான் படிச்சுக் காட்டறேன்."

வெளியே சாப்பிடலாமே என்பீர்கள். நான் சோதிக்கும் கடையில் நான் சாப்பிடுவதில்லை என்பது என் கொள்கை. ஊரிலிருப்பதெல்லாம் நான் சோதிக்கும் கடை. உப்பு பாக்கெட் வாங்கலாமே என்பீர்கள். போனேன். மளிகைக்கடைக்காரர் வெலவெலத்துப் போய், "சாம்பிள் எடுக்கவா சார்? சாட்சிக்கு ஆள் கூப்பிடட்டுமா?" என்று பாதிக் கதவைச் சாத்திவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஜன்னலில் தலையை விட்டுக் கேட்டேன்: "உண்மையைச் சொல்லு. அச்சகத்துக்காரங்க கேட்டாங்களா, நீயே போய்க் கேட்டியா?"

"நான்தாங்க போய்க் கேட்டேன்" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. "தினமும் உங்க சட்டையைத் துவைக்கறவ நான். பையில உப்புக் காகிதம் இருக்கறது எனக்குத் தெரியாதா? டாக்டர் சொல்லிக் கேக்கலை. நான் சொல்லிக் கேக்கலை. எந்த நேரம் என்ன ஆகுமோன்னு எனக்குத் தூக்கமே இல்லை. நீங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். சட்டம். அதான் அதைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்திட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் லேசாக நீர் வந்தது. வெங்காயம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஆண்பிள்ளைக்கு வீம்பு விடுமா? சான்றிதழ்தானே வேண்டும்? சில வாரம் கழித்து டாக்டரிடம் போனேன். அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"அட, நல்லா இறங்கியிருக்கே! என்ன பண்ணினீங்க?"

"சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன் டாக்டர்."

கையோடு மருத்துவச் சான்றிதழை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, செருப்பை மாற்றி, தலையில் தொப்பி மாட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சான்றிதழை ஜன்னலில் நீட்டினேன். மனைவி அதை மேலும் கீழும் படித்தாள். மறுபேச்சுப் பேசாமல் தாழ்ப்பாளைத் திறந்தாள். தலை நிமிர்ந்து உள்ளே நுழைந்து, நேராக இரண்டாவது தட்டுக்குப் போய்ப் பருப்பு டப்பாவை நகர்த்தினேன்.

அவள் ஓர் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டி, முதுகுப்பக்கம் முடிச்சும் போட்டாள்.

"சமையலறையில வேலை செய்யற ஆளு, வேலை நேரத்துல எதையும் எடுத்து வாயில போடக் கூடாது. விதி. சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அந்த மூட்டை வெங்காயத்தை உரிச்சுட்டுப் பாத்திரம் கழுவ வாங்க."