நஸ்ரியின் மூக்கும் பின்சந்து ஜெனரேட்டரும்

அது ஜூனா, ஜூலையா என்று எனக்கு இப்போது உறுதியில்லை. நாற்றத்தோடு நஸ்ரி நடத்திய போரில் செலவானது நான்கு சுருள் ஒட்டுநாடாவா ஐந்தா என்பதும் மறந்துவிட்டது. மாடிப்படியில் காதில் விழுந்ததையும் அடுத்த வீட்டிலிருந்து சுவர் வழியே கேட்டதையும் கலந்துதான் சொல்கிறேன். ஆயினும் வாழ்க நஸ்ரி! முப்பத்தோராண்டு பூகோளம் போதித்த புலவன், பெய்ரூத் மாநகரின் ஃபுர்ன் எல் ஷெப்பாக்கில் நாலாம் மாடியை ஆண்ட கோமான், கீழ்வீட்டுப் பூண்டு வதங்குமுன்னே அதன் மணம் உணரும் நெடுநாசியன் வாழ்க!

அந்த நாசிக்கே சோதனை வந்தது. காலையில் எண்ணெய் நாற்றம், மாலையில் எண்ணெய் நாற்றம், கனவிலும் எண்ணெய் நாற்றம். அவருக்குத் தலை வலித்தது. மனைவி வதாதுக்குத் தலை சுற்றியது. மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். இதையும் வீரர் தாங்கியிருப்பார். ஆனால் பிறந்து இருபதே நாளான மகனோடு தாய்வீடு வந்த மகள் ரீமா, வாசலில் நின்று ஒருமுறை முகர்ந்தாள். குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினாள்.

"பாபா, இந்த நாத்தம் போற வரைக்கும் இவனை உள்ள கொண்டுவர மாட்டேன்."

நஸ்ரி பேரனின் ஒரு காதை மட்டுமே கண்டார். குழந்தை பார்க்க வரும் விருந்தினருக்காக வதாத் அரிசிமாவில் கிண்டி, அக்ரூட் பருப்பு தூவி, வரிசையாக வைத்திருந்த மெக்லி இனிப்புக் கிண்ணங்கள் தீண்டுவாரின்றி நின்றன.

எதிரி யாரென்பதில் ஐயமில்லை. அரசாங்க மின்சாரம் அயரும்போதெல்லாம் பின்சந்தில் பிளிறியெழும் கருமூச்சு வேழம், தெருவுக்கே மின்சாரம் விற்கும் அபு தலாலின் ஜெனரேட்டர்! கோட்டை வாயில்களை அடைக்கும் மன்னனைப் போல நஸ்ரி ஜன்னல்தோறும் நாடா ஒட்டினார், கதவடியில் ஈரத்துண்டு திணித்தார், சாவித்துவாரத்துக்கும் பஞ்சு வைத்தார். அடைக்க அடைக்க நாற்றம் பெருகியது. பெருகப் பெருக மேலும் அடைத்தார். நாடா தீர்ந்த நாளில், காற்றின் திசைகளை அம்புகளால் குறித்த வரைபடம் ஒன்றை வாளென உருவிக்கொண்டு, பைஜாமாவோடு போர்க்களம் இறங்கினார்.

"அபு தலால்! உன் புகையால என் பேரன் வீட்டுக்கு வரல. இன்னைக்குள்ள குழாயை மொட்டைமாடிக்கு மேல ஏத்து. இல்லன்னா இங்கயே உட்கார்ந்துடுவேன்!"

"உட்காருங்க உஸ்தாத். காபி சொல்லவா?"

"வேண்டாம்!" என்று முழங்கிய வீரர், சற்றுக் கழித்து, "சர்க்கரை கம்மியா" என்றார்.

அவரிடமே பூகோளம் படித்துத் தோற்று, இன்றும் ஆசானென்று ‘உஸ்தாத்’ போட்டே அழைக்கும் அபு தலால் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"காத்து கடல்லேர்ந்து மலைக்குப் போகும்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? உங்க வீடு கடல் பக்கம். என் புகை எப்படி அங்க வரும்?"

இருவரும் நாலு மாடி ஏறினர். அபு தலால் கதவைத் தாண்டியதும் நின்றார்.

"உஸ்தாத், நான் பதினாறு வருஷமா டீசல்லயே குளிக்கிறேன். இது டீசல் இல்ல. பெட்ரோல்."

"பெட்ரோலா?" என்றாள் வதாத். "காரைத்தான் போன வருஷமே வித்தாச்சே!"

நஸ்ரியின் விழிகள் மெல்ல உயர்ந்து, குளியலறை மேலிருந்த பரணில் தங்கின. பெட்ரோல் பங்க்குகளில் எரிபொருள் வற்றிய முந்தைய கோடையொன்றில், ஆறுமணி நேரம் வரிசையில் நின்று வென்ற செல்வத்தை அவர் எங்கே வைத்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏணி வந்தது. சுருட்டிவைத்த குளிர்காலக் கம்பளங்களுக்குப் பின்னே இரண்டு பிளாஸ்டிக் கேன்கள்; ஒன்று வெக்கையில் உப்பி, மூடியோரம் கசிந்துகொண்டிருந்தது.

"இதை வீட்டுக்குள்ள கொண்டுவந்தா உன்னையும் சேர்த்து வெளிய தள்ளுவேன்னு சொன்னேனா இல்லையா, நஸ்ரி?"

"அதனாலதான் சொல்லல."

பரணுக்கு நேர்கீழே வெந்நீர்க் கொதிகலனின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூவரும் அதைக் கண்டார்கள். பிறகு அபு தலால், எதையும் தொடாமல் வெளியே போய், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

கேன்கள் அவருடைய மோட்டார்சைக்கிளுக்குப் போயின. கம்பளங்கள் சலவைக்குப் போயின. நாடாவெல்லாம் கிழிக்கப்பட்டு ஐந்து நாள் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. தலைவலி போயிற்று. ஆறாம் நாள் ரீமா வந்து, வாசலில் முகர்ந்து, உள்ளே வந்தாள். நஸ்ரி பேரனின் இன்னொரு காதையும் கண்டார். பழைய மெக்லி கெட்டுப்போயிருந்ததால் வதாத் மறுபடியும் அரிசிமாவு கிண்டினாள்.